கல்லமேட்டு எலும்புக்கு யார் சாட்சி?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கேமரா பிடித்துப் பிழைக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் மூன்று பேச்சு தவறாமல் காதில் விழும். "இப்பதான் போன்லயே எல்லாம் வந்துடுதே அண்ணே" என்பது முதலாவது. "மீடியம் ஃபார்மட்டெல்லாம் சென்னையில நகைக்கடை விளம்பரம் எடுக்கிறவங்களுக்கு" என்பது இரண்டாவது. "நம்ம ஊர் வெயிலுக்கும் சிமென்ட் தூசிக்கும் அது தாங்காது, வெளியே எடுத்ததுமே மக்கர் பண்ணும்" என்பது மூன்றாவது. படமெடுப்பவர்களோடு இது நிற்பதில்லை. வரலாறு சொல்லித் தருகிறவர்களும் கோயில் ஆர்வலர்களும் புதைபடிவம் தேடி வருகிற மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இருபது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் படமெடுக்கும் நானும் இதை நெடுநாள் நம்பினேன், பிறருக்கும் சொன்னேன். இன்று மூன்றையும் மறுக்கிறேன். வேறு மாவட்டத்தில் இந்தப் பேச்சு அவ்வளவு கேடு செய்யாமல் இருக்கலாம். நம் இரண்டு மாவட்டங்களில் அது நேரான நட்டம். காரணம், இங்கே மண்ணுக்கு மேலே கிடப்பவை நாளைக்கும் கிடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கருவியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டு ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். டிஜிட்டல் மீடியம் ஃபார்மட்டில் பரவலாக இருப்பது 43.8க்கு 32.9 மில்லிமீட்டர், பரப்பளவில் 1.67 மடங்கு. 53.4க்கு 40 மில்லிமீட்டர் சென்சாரும் உண்டு. 2010இல் பென்டாக்ஸ் 645டி 4 கோடி பிக்சலுடன் வந்தது. 2016இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டியும் 2017இல் ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்ஸும் கையில் பிடித்து நடக்கக்கூடிய மிரர்லெஸ் உடலில் 5 கோடி பிக்சலைத் தந்தன. 2019இல் அது 10 கோடியானது. ஸ்டுடியோவை விட்டு நகராத கருவி என்ற எண்ணம் அந்த ஆண்டுகளிலேயே காலாவதியாகிவிட்டது.

இனி முதல் பேச்சுக்காகக் கல்லமேட்டுக்கு வருவோம்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் டைனோசர் காலத்தின் கடைசிக்கட்ட மண்ணடுக்கு வெளியே தெரிகிறது. அங்கே கிடைத்த பேருருவ எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் அறிவித்து, ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் கொண்டது என்பது பெயரின் பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பின் நீளமே சுமார் 2 மீட்டர். அந்த அளவு சரியென்றால், இந்த உலகில் நடந்த மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்று நம் மண்ணில் நடந்திருக்கிறது.

அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரக் களிமண்ணில் ஊறி நைந்து கிடந்தவை, தோண்டி எடுத்தபின் உதிர்ந்தே போயின. அவை அழிந்துவிட்டன என்பதை 2017இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. மிஞ்சியவை சில கோட்டோவியங்களும், மண்ணில் கிடந்தபடி எடுத்த, நுணுக்கம் காட்டாத சில படங்களும்தான். விளைவு என்ன? "அது எலும்பே இல்லை, கல்லாய்ச் சமைந்த மரமாக இருக்கலாம்" என்று ஆய்வுலகில் ஐயம் எழுந்தது. ஐயப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இதே வட்டாரத்தில்தான் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. அப்படிப்பட்ட மண்ணில் 2 மீட்டர் உருளை ஒன்று கிடந்தால் மரமா எலும்பா என்று கேட்கத்தான் செய்வார்கள். அதுவரை வெளிவராத பழைய புகைப்படங்களைப் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும் 2022இல் வெளியிட்டபோதுதான் பேச்சு மறுபடி உயிர் பெற்றது. இடையில் கழிந்தவை 35 ஆண்டுகள்.

எலும்பை உடைத்த இடத்தில் பஞ்சு போன்ற நுண்துளைகள் தெரியும். மரத்தில் நாரும் வளையமும் தெரியும். இரண்டும் மில்லிமீட்டருக்குள் அடங்குகிற நுணுக்கங்கள். அந்த 2 மீட்டர் எலும்பைப் படத்தின் நீளவாட்டில் நிரப்பி, 10 கோடி பிக்சல் மீடியம் ஃபார்மட்டில் எடுத்திருந்தால் நீளத்தில் 11,648 பிக்சல்; ஒரு பிக்சல் எலும்பின் மேல் 0.17 மில்லிமீட்டர். வழக்கமான 1.2 கோடி பிக்சல் போன் படத்தில் நீளம் சுமார் 4,000 பிக்சல். ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீட்டர். ஒரு துளையைத் துளையென்று காட்ட இரண்டு பிக்சலாவது வேண்டும். ஆக, போன் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழுள்ளது எதுவும் தெரியாது. வழக்கைத் தீர்க்கும் சான்று அங்கேதான் இருக்கிறது. ஒரு படம் மட்டுமே விவாதத்தை முடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வெட்டுத் துண்டும் நுண்ணோக்கியும் வேண்டும். ஆனால் பொருள் மண்ணோடு மண்ணாகிவிட்டபின் மிஞ்சுகிற சாட்சி படம் ஒன்றுதான்.

"அது அந்தக் காலம். இப்போதுதான் 20 கோடி பிக்சல் போனே வந்துவிட்டதே" என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். அந்தப் போன்களில் உள்ள சென்சார் ஏறக்குறைய 10க்கு 7 மில்லிமீட்டர். நான் சொல்லும் சென்சாரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான், அதாவது நாம் காணும் ஒளியின் அலைநீளத்தளவு. அந்த லென்ஸின் f/1.7 துளை வழியே வரும் ஒரு பச்சை ஒளிப்புள்ளி, லென்ஸ் குறையே இல்லாததாக இருந்தாலும், 2.3 மைக்ரான் வட்டமாகப் பரவியே விழும். குறுக்கே நாலு பிக்சல் சேர்ந்து ஒரே புள்ளியைத்தான் பார்க்கின்றன. அந்தப் போன்களே வழக்கமாகப் பதினாறு பிக்சலை ஒன்றாக்கி 1.25 கோடி பிக்சல் படத்தைத் தருகின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் 20 கோடி. கையில் கிடைப்பது அதுவல்ல.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. போன் எடுப்பது ஒரு படமல்ல. பல படங்களை அடுக்கி, இரைச்சலைத் துடைத்து, விளிம்பைக் கூராக்கி, சில வேளை இல்லாத நுணுக்கத்தையும் ஊகித்து நிரப்பித் தருகிறது. 2023இல் ஒரு பெரிய நிறுவனத்தின் போனில் நிலவின் மங்கலாக்கிய படத்தைக் காட்டி எடுத்தபோது, அதில் இல்லாத பள்ளங்களையெல்லாம் போன் வரைந்து தந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு இது நன்மை. கல்வெட்டு எழுத்துக்கு இது கேடு. தேய்ந்த ஓர் எழுத்து 'ர'வா காலா என்று கல்வெட்டறிஞர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில், போன் தானாக ஒரு கோட்டைத் தெளிவாக்கிக் கொடுத்தால் அது வாசிப்புக்கு உதவாது; பொய்ச்சாட்சி ஆகும். ரா ஃபைல் அப்படிச் செய்யாது. சென்சார் கண்டதை அப்படியே வைத்திருக்கும்.

இரண்டாவது பேச்சு, இது நகை விளம்பரக்காரர்களின் ஆடம்பரம் என்பது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் வெண்கல நடராசரை நினைத்துப் பாருங்கள். திருடுபோன அந்தத் திருமேனியை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அதை தில்லியில் ஒப்படைத்தார். அது நம் நடராசர்தான் என்று நிலைநாட்ட உதவியது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்துச் சேர்த்து வைத்த புகைப்படத் தொகுப்பு. ஒவ்வொரு வார்ப்பிலும் அதற்கே உரிய வடு, தேய்மானம், திருவாசியின் சுடர்க் கணக்கு இருக்கும். அது படத்தில் தெரிந்தால் சாமி ஊர் திரும்பும். தெரியாவிட்டால் "இது வேறு சிலை" என்ற ஒரு பதிலோடு கோப்பு மூடப்படும். அந்தத் தொகுப்பை எடுத்தவர்கள் எவரும் நகைக்கடைக்காக எடுக்கவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 10 கோடி பிக்சல் ஹாசல்பிளாடால் 8,439 படங்களாக எடுத்து ஒட்டி, 2022இல் வெளியிட்டது. ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் ஓவியத்தின் மேல் 5 மைக்ரான் இடைவெளி. காவலும் குளிர்சாதனமும் உள்ள கூடத்தில் பத்திரமாகத் தொங்கும் ஓவியத்துக்கே அவ்வளவு பதிவு தேவை என்று அவர்கள் நினைக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் நம் கல்லுக்கு "போன் போதும்" என்று நாம் நினைக்கிறோம்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்து 1836இல் கீழணை கட்டக் கொண்டுபோனார்கள். அந்தக் கற்களோடு எத்தனை வரி எழுத்து போயிற்று என்று இனி எவராலும் சொல்ல முடியாது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அன்றைய தலைமுறைக்கு அந்தச் சாக்காவது இருந்தது. இன்று சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் கடற்படிவ அடுக்குகளைத் தினமும் வெட்டி எடுக்கின்றன. ஒரு முறை வெடி வைத்த அடுக்கு இரண்டாம் முறை கிடைக்காது. நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.

2020இல் குன்னத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உருண்டைக் கற்கள் கிடைத்தன, போனில் படம் பிடித்து "டைனோசர் முட்டை" என்று பரப்பினார்கள், ஊரே திரண்டது. அவை அம்மோனைட் என்ற கடலுயிர்ப் படிவங்களோடு உருவான கல்லுருண்டைகள் என்று புவியியல் அறிந்தவர்கள் பிறகு விளக்கினார்கள். தவறு முழுக்கப் போனுடையது என்று சொல்ல மாட்டேன். அந்தப் படங்களில் அளவுகோல் இல்லை, அண்மைப் படம் இல்லை, ஓட்டின் பரப்பு தெரியும்படி சாய்ந்த ஒளி இல்லை. ஆனால் "போன் போதும்" என்ற மனநிலைதான் இவை எதுவும் வேண்டாம் என்று நினைக்க வைக்கிறது. பெரிய கேமராவை ஸ்டாண்டில் வைத்து மட்டம் பார்க்கிற கைக்கு அளவுகோலும் தானாகவே நினைவு வரும்.

இனி மூன்றாவது பேச்சு: மக்கர். இதை மட்டும் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இது பட்டவர்களின் பேச்சு. அவர்கள் பட்டது உண்மை. ஆனால் பழுது என்று அவர்கள் பெயர் வைத்தவற்றில் பெரும்பகுதி பழுதே அல்ல.

காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் நான் வாடகைக்கு எடுத்த 10 கோடி பிக்சல் கேமராவோடு முதல் முறை போனது ஒரு சித்திரை மாதம். பகல் பதினோரு மணிக்கு எதிர்க்கரையின் மண்ணடுக்கை எடுத்தேன். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பது போலக் குழைந்து கிடந்தது. லென்ஸ் கெட்டது என்று முடிவு கட்டி வாடகைக்குக் கொடுத்தவரிடம் சண்டை போட்டேன். மறுவாரம் விடியற்காலை ஆறரைக்கு அதே இடம், அதே லென்ஸ்; மண்ணில் ஓடும் ஜிப்சக் கீற்றுகள் ஊசி ஊசியாகத் தெரிந்தன. முதல் நாள் நான் எடுத்தது கானலை. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. சிறிய சென்சாரில் அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்துபோகும். பெரிய சென்சார் அதையும் உள்ளபடி காட்டுகிறது. பழுது கேமராவில் இல்லை, என் கடிகாரத்தில் இருந்தது.

அடுத்த புகார், "ஸ்டாண்டில் வைத்தும் படம் ஆடுகிறது". இந்தக் கேமராக்களில் ஷட்டர் திரை பெரியது. அதன் உதறலே 1/15 நொடி முதல் ஒரு நொடி வரையிலான வேகங்களில் படத்தைக் கெடுக்கப் போதும். மின்னணு முன்திரையைப் போடுங்கள். இரண்டு நொடி டைமர் வையுங்கள். ஸ்டாண்டின் நடுக்கம்பத்தை உயர்த்தாதீர்கள். உடலுக்குள் நடுக்கம் தடுக்கும் அமைப்பு இருந்தால் ஸ்டாண்டில் அதை அணைத்து ஒரு படம், போட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டு, நல்லதைக் கைக்கொள்ளுங்கள். லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் உள்ள ஹாசல்பிளாட் வகையில் இந்த உதறல் மிகக் குறைவு. உச்சிவெயிலில் மாடத்தின் நிழலைச் சமன்செய்ய எந்த வேகத்திலும் ஃபிளாஷும் சேரும். திரை ஷட்டர் வகையில் சாதாரணமாக 1/125க்கு மேல் ஃபிளாஷ் சேராது. வேகத்தைக் கூட்டிவிட்டுப் பாதிப் படம் கறுத்தது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடியவர்களை நான் அறிவேன்.

"கோயிலுக்குள் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது." முழு மின்னணு ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். இவ்வளவு பெரிய சென்சாரை மேலிருந்து கீழாக வாசித்து முடிக்க நேரம் பிடிக்கும்; அதற்குள் எல்இடி விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. அணைந்த கணங்கள் பட்டையாகின்றன. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் விளக்குக்கும் இதே கதைதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/50க்குக் கீழே வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது.

"ஃபோகஸ் பிடிப்பதே இல்லை." பிடிக்கிறது, ஆனால் நீங்கள் நினைத்த தடிமனுக்குப் பிடிக்காது. சென்சார் பெரிதாகும்போது, அதே காட்சியை அதே துளையில் எடுத்தால் தெளிவின் ஆழம் குறையும். சுவருக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் சாய்ந்து நின்றால் ஒரு பக்க எழுத்து கூர்மை, மறுபக்கம் மங்கல். லென்ஸ் கோணலாகிவிட்டது என்று பழி போடுவார்கள். சுவரில் ஒரு சிறு முகக்கண்ணாடியைப் பதித்துவைத்து, அதில் உங்கள் லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்துங்கள். சுவரும் சென்சாரும் இணையாகிவிடும். திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். வண்ண விளிம்பு காட்டும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். இவ்வளவு பிக்சலுக்கு அது மிகவும் தாராளம்.

அதோடு, f/22 வைத்தால் எல்லாம் கூராகும் என்ற பழைய பழக்கத்தை விடுங்கள். 3.76 மைக்ரான் பிக்சலில் f/16 துளையே ஒளிப்புள்ளியை ஐந்தாறு பிக்சலுக்குப் பரப்பிவிடும். f/5.6 முதல் f/8 வரை வையுங்கள். ஆழம் போதாவிட்டால் ஃபோகஸை அடியடியாக நகர்த்திப் பல படம் எடுத்து இணையுங்கள். பெரும்பாலான புதிய உடல்களில் அதற்கான வசதி இருக்கிறது. ஓர் அம்மோனைட்டின் சுருளை அடி முதல் நுனி வரை தெளிவாகப் பெற வேறு வழி இல்லை.

தூசிக்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றினால் எந்தக் கேமராவும் தாங்காது. மீடியம் ஃபார்மட் மட்டும் விலக்காகுமா? காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, உடலின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். ஒரு நாளுக்கு ஒரு லென்ஸ் என்று போவது இன்னும் மேல். மாலையில் வெறும் வானத்தை f/16இல் எடுத்துப் பாருங்கள். f/4இல் தெரியாத புள்ளிகள் அதில் தெரியும். முதலில் கைப்பம்பு புளோயர். போகாவிட்டால் சென்சார் அளவுக்கான ஈரத்துடைப்பான், ஒரே ஓட்டம். வாயால் ஊதுவதும், டப்பாவில் அடைத்த காற்றை அடிப்பதும், வேட்டித் துணியால் துடைப்பதும் சென்சாரைக் கொல்லும். "லென்ஸ் தெரியவில்லை" என்று கேமரா சொன்னால் முதலில் அணைத்துவிட்டு, லென்ஸைக் கழற்றி, மின்தொடர்புப் புள்ளிகளைச் சுத்தமான மென்துணியால் துடைத்து மாட்டுங்கள். அப்படியும் சொன்னால் உடல், லென்ஸ் இரண்டின் ஃபர்ம்வேர் பதிப்பையும் பாருங்கள். இவை இரண்டும் பலிக்காத பிறகுதான் அது பழுது.

வெயிலா? இந்தக் கேமராக்களுக்குப் பெரும்பாலும் உற்பத்தியாளர் சொல்லும் எல்லை 40 டிகிரி; ஃபுல் ஃபிரேமுக்கும் ஏறக்குறைய அதேதான். உலகில் பெரிதும் விற்கும் போன் ஒன்றுக்கு அதன் நிறுவனமே சொல்லும் எல்லை 35 டிகிரி. அப்படியானால் வெயிலுக்குத் தாங்காதது எது? கறுப்பு உடலின் மேல் வெள்ளைத் துணி, ஸ்டாண்டின் மேல் ஒரு குடை, எடுக்காத நேரத்தில் திரையை அணைப்பது, இவ்வளவுதான் மருந்து. ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியாமலிருக்க, கேமராவைப் பைக்குள் ஜிப்பை மூடியபடியே அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், பூஞ்சை வராது.

கடைசிப் புகார், "கார்டு கெட்டுப் படமெல்லாம் போச்சு". சுருக்காத ஒரு 10 கோடி பிக்சல் ரா ஃபைல் 200 எம்பிக்குப் பக்கம் வரும். மலிவுக் கார்டு அதை எழுதி முடிக்க நேரமெடுக்கும். விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றினால் ஃபைல் பாதியில் நிற்கும். வேகமான கார்டு இரண்டு போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஏதாவது தவறினால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் எடுத்து வையுங்கள். மீட்பதற்கு வழி இருக்கும்.

எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் மறைக்க மாட்டேன். 6 கோடி பிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவும் கூரிய லென்ஸும் பொறுமையான கையும் சேர்ந்தால் மீடியம் ஃபார்மட்டுக்கு மிக அருகே வரலாம். 16 பிட் என்ற விளம்பர எண்ணில் பெரிய மந்திரம் இல்லை. காரைவெட்டி ஏரியில் பறவை எடுக்கப் போகிறவர் இதைத் தூக்கிப் போக வேண்டாம். அதன் வேகம் பறவைக்குப் போதாது. தேர்த் திருவிழாவுக்கும் வேண்டாம். சிறிய கேமராவில் பல துண்டாக எடுத்து ஒட்டலாமே என்றால், ஒட்டலாம். அது பழைய வழி. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படமாக எடுத்து 19 அடிக்கு மேல் நீளமான ஒரே அச்சாக ஒட்டினார். ஆனால் அவர் ஒட்டியதும் பெரிய நெகடிவ்களில் எடுத்ததைத்தான். ஒட்டும் வேலை இருக்கிறது என்பதற்காகத் துண்டின் தரத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை.

விலை என்பது உண்மையான தடை. ஆனால் ஆளுக்கொன்று வாங்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, கல்லூரிகளும் அருங்காட்சியகமும் படக்கலைஞர் சங்கங்களும் பணம் போட்டு, பழைய 5 கோடி பிக்சல் உடல் ஒன்றும் அண்மைப்பட லென்ஸ் ஒன்றும் வாங்க முடியாதா? கல்யாண சீசனில் ஒரே மண்டபத்துக்கு ஐந்து கேமராவும் ட்ரோனும் வரவழைக்கும் ஊர் இது. பணம் இல்லாத ஊரல்ல.

இந்த மண்ணுக்கு அந்தக் கேமராவோடு போகும்போது தெரியவருபவை வேறெங்கும் படிக்கக் கிடைக்காது. கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய 11.2 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் கழிந்து ஆவணி முதல் வாரம்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் நண்பகலில் நிழலிலேயே கிடக்கும் வடக்குச் சுவர், அந்த நாலு மாதமும் செங்குத்தாக உரசி இறங்கும் ஒளியைப் பெறுகிறது. வடக்கு வாசலையொட்டிய சண்டேசர் தலையில் ஈசன் மாலை சூட்டும் அந்தச் சிற்பத்தை, தொல்லியல் துறையின் அனுமதியோடு, ஸ்டாண்டு வைத்து அந்த மாதங்களில் எடுத்துப் பாருங்கள். உளி போன தடம் தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் எந்தப் பக்கமிருந்து செதுக்கினார் என்பது தெரியும். அதைப் பார்த்தபின் "போன் போதும்" என்று சொல்ல என் வாய் எழவில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் உள்ள தம்பிகளிடமும் தங்கைகளிடமும் கேட்கிறேன். ஆண்டில் பத்து நாளைக் கல்யாணங்களிலிருந்து எடுத்துக் கல்லுக்குக் கொடுங்கள். மேலப்பழுவூர், கீழையூர், வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி, சாத்தனூர், காரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் வண்ண அட்டையும் இருக்கட்டும். புதைபடிவத்தைக் கையில் எடுத்து வராதீர்கள். படத்தை எடுத்து வாருங்கள். ரா ஃபைலை மூன்று பிரதியாக்கி, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். எடுத்த நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

கல்லமேட்டு எலும்பு திரும்பி வராது. ஆனால் வரும் ஐப்பசி மழையில் காரை ஓடையில் எந்த எலும்பு வெளியே வரும், எது கரைந்து போகும் என்று யாருக்கும் தெரியாது. அது கரைவதற்கு முன் அங்கே போய்விடுங்கள்.